இனிஷியலை வெட்டாதீர்கள்: நூற்பட்டியல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எல்லைப்புற வாயனசாலைகளின் (நூலகங்களின்) தமிழ்ப் பிரிவு நூற்பட்டியலைக் கணினியில் ஏற்றும் குழுவின் தலைவர், செயலர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

உங்கள் சுற்றறிக்கை கைக்கு வந்தது. அதில் மூன்று முடிவுகள் இருக்கின்றன. தேடுவோருக்கு எளிதாக இருக்கட்டும் என்று பெயருக்கு முன்னால் வரும் இனிஷியல், ஊர்ப்பெயர், வீட்டுப்பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வெறும் பெயரைத் தலைப்பாக வைப்பது முதல் முடிவு. ஒரே பெயரில் உள்ள பதிவுகளைத் தானாகவே ஒன்றாகச் சேர்ப்பது இரண்டாவது. கணினியில் ஏற்றி முடித்த பழைய நூற்பட்டியல் கார்டுகளை எடைக்குப் போடுவது மூன்றாவது. முதல் இரண்டும் நடந்தேவிட்டன. மூன்றாவது நடப்பதற்குள் உங்கள் கைக்கு வரவேண்டும் என்றுதான் இந்த மடல்.

எழுதுகிற நாங்கள், சித்தூர் தாலுகா எல்லையோர வாயனசாலைகளில் தமிழ்ப் புத்தகங்களுக்குக் கார்டு எழுதியவர்கள், மெய்ப்புப் பார்த்தவர்கள், கவுண்டரில் நின்று புத்தகம் எடுத்துக் கொடுப்பவர்கள். சித்தூர் என்றால் பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் இருக்கிறது. மலையாளத்தில் இது சிற்றூர், தெலுங்கில் அது சித்தூரு, தமிழில் இரண்டும் சித்தூர்தான். உங்கள் புதிய பட்டியலில் இரண்டும் ஒரே ஊராகிவிட்டன என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறோம்.

இப்போது கணினியில் ‘ராதாகிருஷ்ணன்’ என்று தட்டிப் பாருங்கள். ஒரே ஒரு ஆள் வருகிறார். 1888இல் திருத்தணியில் பிறந்து, தத்துவம் கற்பித்து, 1952இல் துணைக் குடியரசுத் தலைவராகிறார். 2006இல் கேரளச் சட்டசபைக்குச் சபாநாயகர். 2009 முதல் 2014 வரை இஸ்ரோவின் தலைவர். 2024இல் நம் ஆலத்தூர்த் தொகுதியின் எம்.பி. 2025இல் மறுபடியும் துணைக் குடியரசுத் தலைவர். இதற்கிடையில் மலையாளத்தில் நாவல் எழுதியிருக்கிறார், சாந்திநிகேதனில் சிற்பம் படித்திருக்கிறார், கேரள பி.எஸ்.சி.க்கு (அரசுப் பணித் தேர்வாணையத்துக்கு) தலைவராகவும் இருந்திருக்கிறார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போகிறது.

இவர்கள் ஏழு பேர். தத்துவம் கற்பித்தவர் எஸ். ராதாகிருஷ்ணன். இப்போதைய துணைக் குடியரசுத் தலைவர் திருப்பூர்க்காரரான சி.பி. ராதாகிருஷ்ணன். இருவரும் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள், இருவரும் ஒரே பதவி வகித்தவர்கள். ஆகவே ‘துணைக் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன்’ என்ற வினாவுக்கு இனி இனிஷியல் இல்லாமல் விடை கிடையாது. நாவலாசிரியர் சி. ராதாகிருஷ்ணன். இஸ்ரோவில் இருந்தவர் கே. ராதாகிருஷ்ணன். சபாநாயகராக இருந்து ஆலத்தூர் எம்.பி. ஆனவரும் கே. ராதாகிருஷ்ணன்தான். சிற்பி கே.எஸ். ராதாகிருஷ்ணன். காலடி சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பி.எஸ்.சி. தலைவராகவும் இருந்தவரும் கே.எஸ். ராதாகிருஷ்ணன். இனிஷியல் இருந்தால் ஏழில் மூன்று பேர் உடனே தனியாகத் தெரிவார்கள், மீதி நால்வர் இரண்டு ஜோடியாக நிற்பார்கள். இனிஷியல் போனதும் ஏழு பேரும் ஒரே குழியில் விழுந்துவிட்டார்கள். ஏறக்குறைய எல்லாரும் நம் பகுதிப் பிள்ளைகள் பாடத்திலோ பத்திரிகையிலோ அடிக்கடி சந்திக்கிற பெயர்கள்.

இனிஷியலை நீங்கள் ஒட்டுப்போட்ட துணி மாதிரி பார்த்திருக்கிறீர்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் படிவத்தில் இனிஷியலின் விரிவைக் கேட்காமல் ‘தந்தை பெயர்’ என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்கள். தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றும் புழங்கும் எல்லையில் அந்தக் கட்டம் செல்லாது. தமிழர்களுக்குப் பெரும்பாலும் ஒற்றை எழுத்தென்றால் அப்பா பெயர். இரண்டென்றால் முதலாவது ஊர், அடுத்தது அப்பா. மலையாளிக்கு முதல் எழுத்து பெரும்பாலும் வீட்டுப்பேர். அடுத்தது அப்பாவாகவும் இருக்கலாம், பழைய மருமக்கத்தாய (தாய்வழி மரபு) குடும்பமானால் தாய்மாமனாகவும் இருக்கலாம். தெலுங்கருக்கு முதல் எழுத்து குடும்பப் பெயர், அப்பாவுக்கும் பிள்ளைக்கும் அதுவே தொடரும். தத்துவ ராதாகிருஷ்ணனின் ‘எஸ்’ சர்வபள்ளி. அது குடும்பப் பெயர். அதனால்தான் அவருடைய மகனான வரலாற்றாசிரியரும் எஸ். கோபால். உங்கள் பதிவில் ‘தந்தை பெயர்: சர்வபள்ளி’ என்று ஏறியிருக்கிறது.

‘எம்.எஸ்.’ என்ற இரண்டே எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு அது மதுரை சண்முகவடிவு. ஊரும் தாயார் பெயரும். எம்.எஸ். சுவாமிநாதனுக்கு மங்கொம்பு சாம்பசிவன். குட்டநாட்டு ஊரும் தந்தை பெயரும். நம் பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதனுக்கு மனயங்கத்து சுப்பிரமணியன். வீட்டுப்பேரும் தந்தை பெயரும். இந்த மூவரையும் ‘தந்தை பெயர்’ கட்டத்தில் எப்படி அடைப்பீர்கள்? சுப்புலட்சுமிக்கு அந்தக் கட்டத்தில் சண்முகவடிவு என்றே அடித்திருக்கிறார்கள். வீணை வாசித்த அந்த அம்மையார் உங்கள் கணக்கில் ஆணாகிவிட்டார்.

சில பெயர்களுக்கு முன்னால் நிற்பது எழுத்தே அல்ல. பினராயி விஜயனுக்குப் பினராயி ஊர். கலாபவன் மணிக்குக் கலாபவன் அவர் இருந்த கொச்சிக் கலைக்குழு. சிவாஜி கணேசனுக்குச் சிவாஜி மேடையில் ஏற்ற வேடம், ஜெமினி கணேசனுக்கு ஜெமினி வேலை பார்த்த ஸ்டூடியோ. உங்கள் விதிப்படி கடைசி இருவரும் ‘கணேசன்’ என்ற ஒரே ஆளாக வேண்டும். அவர்களை மட்டும் யாரோ கையால் பிரித்து வைத்திருக்கிறீர்கள். பெட்டிக்கடையில் நிற்பவரும் சிரிப்பார் என்று பயந்திருக்க வேண்டும். ஆக, ஏற்றியவருக்குத் தெரிந்த ஆளென்றால் விதி தளர்கிறது, தெரியாத ஆளென்றால் வெட்டு விழுகிறது. ஓ.வி. விஜயனையும் ஐ.எம். விஜயனையும் யாரும் பிரித்து வைக்கவில்லை. ஓ.வி. விஜயனின் நாவலில் வரும் ஊருக்கு மூலமான தஸ்ராக்கைத் தேடிப் பாலக்காடு வருகிற வாசகர்களுக்கு, அந்த எழுத்தாளர் இந்திய அணிக்குப் பந்தும் உதைத்தார் என்று நம் வாயனசாலை சொல்லிக்கொண்டிருக்கிறது.

இனிஷியல் இல்லாவிட்டால் என்ன, பிறந்த ஆண்டைச் சேர்த்துவிடலாமே என்று உங்கள் குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். நல்ல யோசனைதான், பாதி. மீதிப் பாதிக்கு இரண்டு உதாரணம். மணி ஐயர் என்று இரண்டு பேர். மதுரை மணி ஐயர் வாய்ப்பாட்டு, பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம். இருவரும் பிறந்தது 1912. இருவரும் சங்கீத கலாநிதிகள்: முன்னவர் 1959இல், பின்னவர் 1966இல். பெயரும் ஆண்டும் மட்டும் போட்டால் இருவரும் ஒட்டிக்கொள்வார்கள். இப்போது திரையில் இருக்கும் மணி ஐயர் தனக்குத்தானே மிருதங்கம் வாசித்துக்கொண்டு பாடுகிறவர். அடுத்தது ராமசாமி. ஈ.வெ. ராமசாமியும் சர் சி.பி. ராமசாமி ஐயரும் 1879இல் பிறந்தவர்கள். இருவருமே திருவிதாங்கூர் வரலாற்றில் வருவார்கள். பெயரையும் ஆண்டையும் மட்டும் நம்பினால், 1924இல் வைக்கத்தில் போராடிச் சிறைக்குப் போனவரே 1936இல் திருவிதாங்கூர் திவானாகிவிடுவார். உங்கள் பட்டியலில் ஆகியும் விட்டார். அந்தத் தலைப்பின் கீழேயே சுந்தர ராமசாமியும் சோ ராமசாமியும் கிடக்கிறார்கள்.

இனிஷியல் மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. கே.பி.எஸ். மேனன் 1948 முதல் 1952 வரை வெளியுறவுச் செயலர். 1987 முதல் 1989 வரை வெளியுறவுச் செயலராக இருந்தவரும் கே.பி.எஸ். மேனன்தான். அப்பாவும் பிள்ளையும். பெயர் ஒன்று, இனிஷியல் மூன்றும் ஒன்று, பதவியும் ஒன்று. பிரித்துக் காட்டுவது 1898, 1929 என்ற பிறந்த ஆண்டு மட்டுமே. எஸ். சந்திரசேகர் விஷயம் இன்னும் சிக்கல். 1983இல் நோபல் பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1910இல் பிறந்தவர். திரவப் படிக ஆய்வில் பேர் வாங்கிய சிவராமகிருஷ்ண சந்திரசேகர், 1930இல் பிறந்தவர். இருவரும் இயற்பியல், இருவரும் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள், இருவருமே சி.வி. ராமனின் உறவினர்கள்: முன்னவர் ராமனுடைய அண்ணன் மகன், பின்னவர் சகோதரி மகன். 1967இல் மத்திய சுகாதார அமைச்சரான மக்கள்தொகை அறிஞர் ஸ்ரீபதி சந்திரசேகருக்கும் இனிஷியல் எஸ்தான். இவர்களைப் பிரிக்க முழு விரிவும் வேண்டும், ஆண்டும் வேண்டும், துறையும் வேண்டும். பிரதமராக இருந்த சந்திரசேகரையும் சுழற்பந்து வீசிய பி.எஸ். சந்திரசேகரையும் இவர்களோடு சேர்த்துவிட்டதைப் பற்றி என்ன சொல்வது?

ராமச்சந்திரனையும் சொல்லியாக வேண்டும், அது நம் தாலுகாவோடு தொடர்புள்ள பெயர். மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் கண்டியில் பிறந்தாலும் குடும்பம் வடவன்னூர். புரதத்தின் வடிவத்தை ஆராய்ந்த ஜி.என். ராமச்சந்திரன் எர்ணாகுளத்தில் பிறந்தவர், கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் மகன். காந்திகிராமத்தை டாக்டர் சௌந்திரத்தோடு சேர்ந்து 1947இல் தொடங்கியவர் ஜி. ராமச்சந்திரன். எம்.ஜி., ஜி.என்., ஜி. இந்த மூன்றில் ஒரு எழுத்தோ ஒரு புள்ளியோ தவறினால் ஆள் மாறிப்போவார். டி.என். ராமச்சந்திரன் மட்டும் இரண்டு பேர். ஒருவர் நாகப்பட்டினம் பௌத்தச் செப்புத்திருமேனிகளை ஆராய்ந்த தொல்லியலாளர். மற்றவர் பெரிய புராணத்தை ஆங்கிலத்தில் தந்த தஞ்சாவூர் சேக்கிழார் அடிப்பொடி. இரண்டு பேருக்கும் ஆங்கில நூல்கள் உண்டு, இரண்டு பேரும் சமயம் சார்ந்த அலமாரியிலேயே வருவார்கள். கார்டில் இருந்த குறிப்பு மட்டும்தான் இத்தனை நாள் இவர்களைப் பிரித்து வைத்திருந்தது.

இதன் மறுபக்கப் பிழையும் இருக்கிறது. ஒரே ஆளை இரண்டாக வெட்டுவது. துறை வேறானால் ஆளும் வேறு என்று சில இடங்களில் நினைத்திருக்கிறீர்கள். இஸ்ரோ ராதாகிருஷ்ணன் கதகளியும் கர்நாடக சங்கீதமும் பயின்றவர். ‘கதகளிக் கலைஞர்’ என்று அவருக்குத் தனித் தலைப்பு போட்டிருக்கிறீர்கள். சேர்க்கக் கூடாத ஆறு பேரோடு சேர்த்துவிட்டு, அவரோடு சேர வேண்டிய அவரையே வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள்.

சுஜாதா இதற்கெல்லாம் பாடப்புத்தகம் போன்றவர். அவர் பெயர் எஸ். ரங்கராஜன். அதே காலத்தில் பத்திரிகையில் ரா.கி. ரங்கராஜன் எழுதிக்கொண்டிருந்ததால், வாசகர் குழம்ப வேண்டாமென்று மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். ரிசர்வ் வங்கி ஆளுநராகவும் பிறகு ஆந்திர ஆளுநராகவும் இருந்த சி. ரங்கராஜன் மூன்றாமவர். குழப்பம் வேண்டாமென்று ஒரு எழுத்தாளர் பெயரையே மாற்றிக்கொண்டிருக்க, அவரைக் கொண்டுபோய் நடிகை சுஜாதாவோடும் பாடகி சுஜாதாவோடும் சேர்த்திருக்கிறது உங்கள் கணினி. கதைக்கும் அறிவியல் கட்டுரைக்கும் டியூயி வகைப்பாட்டு எண் (அலமாரி எண்) வேறு என்பதால் அறிவியல் எழுதிய சுஜாதா தனி ஆளாக நிற்கிறார். அலமாரி எண்ணை வைத்து ஆளைப் பிரிக்கவும் கூடாது, சேர்க்கவும் கூடாது. அது துப்பு மட்டுமே.

எழுத்துருச் சிக்கலையும் நீங்கள் கவனிக்கவில்லை. ‘கௌரி’ என்று சரியான ஔகாரத்தில் அடித்தால் ஒரு பதிவு, ‘கெளரி’ என்று எகரக் கொம்பும் ளகரமும் போட்டு அடித்தால் இன்னொரு பதிவு. திரையில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு. 1957 மந்திரிசபையில் இருந்த கே.ஆர். கௌரியம்மா இப்படித்தான் இரண்டாக உடைந்திருக்கிறார். ‘ஸ்ரீ’ எழுத்துக்கும் யூனிகோடில் இரண்டு வழி இருக்கிறது, ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது ஒன்று. ஸ்ரீனிவாசன், சீனிவாசன், ராமசாமி, இராமசாமி, ராமஸ்வாமி எல்லாம் இதற்கு மேல். வேறு வேறு ஆட்களை ஒன்றாக்கிய அதே கணினி, எழுத்து மாறியதால் ஒரே ஆளைப் பலராக்கியிருக்கிறது. எளிமையாக்கியதாக எந்த வகையிலும் சொல்ல முடியவில்லை.

பிறந்த மாநிலத்தை அடையாளமாகப் போடலாம் என்ற உங்கள் மாற்று யோசனை இந்த எல்லையில் ஒருநாளும் ஒத்துவராது. திருத்தணி 1960இல்தான் ஆந்திரத்திலிருந்து அன்றைய மதராஸ் மாநிலத்துக்கு வந்தது. நம் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, பக்கத்துப் பாலக்காடு மதராஸ் மாகாணத்தின் மலபாரில் இருந்தது. இங்கே 1934இல் பிறந்த பாடகி பி. லீலாவுக்கு ‘கேரளம்’ என்று போட்டால் அன்றைக்குக் கேரளம் என்ற மாநிலமே இல்லை. ‘மதராஸ்’ என்று போட்டால் ஊரே மாறிவிடும். ஊர்ப்பெயரைப் போடுங்கள், மாநிலத்தை விடுங்கள்.

இதெல்லாம் அலமாரிக்குள் கிடக்கிற விஷயமென்றால் நாங்களும் பேசாமல் இருந்திருப்போம். இந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துத்தான் பள்ளிகளுக்கு நாள்காட்டி அச்சடித்து அனுப்பினீர்கள். நவம்பர் 11, தேசியக் கல்வி நாள், மௌலானா அபுல் கலாம் ஆசாத் பிறந்த நாள். அந்தக் கட்டத்தில் ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் படம் இருக்கிறது. அபுல் கலாம் 1888, அப்துல் கலாம் 1931, அக்டோபர் 15. ‘கலாம்’ என்ற ஒரே தலைப்பில் இரண்டையும் போட்ட பிறகு படம் எடுத்தவரைக் குறைசொல்ல முடியாது. அந்தத் தாள் பல வகுப்பறைச் சுவர்களில் இன்னும் தொங்குகிறது.

ஒரு கார்டை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டரை சென்டிமீட்டருக்கு ஏழரை, கீழே நடுவில் ஒரு ஓட்டை, டிராயர்க் கம்பி போவதற்கு. முதல் வரியில் தலைப்பு: ‘சந்திரசேகர் (சிவராமகிருஷ்ண) (1930)’. ஓட்டைக்கு மேலே பென்சிலில் சின்ன எழுத்தில், ‘நோபல்காரர் இல்லை. திரவப் படிகம்.’ உங்கள் படிவத்தில் இதற்குக் கட்டமே இல்லாததால் தட்டச்சு செய்தவர் விட்டுவிட்டார். அந்தப் பென்சில் வரிதான் அட்டையிலேயே விலைமதிப்பானது. எழுதியவர் புத்தகத்தின் முகப்பையும் அதன் பின்பக்கத்தையும் முன்னுரையின் கடைசியில் இருக்கும் ஊரையும் தேதியையும் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். இந்த வடிவம் எங்கள் கண்டுபிடிப்பும் அல்ல. சீர்காழிக்காரரான நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1934இல் வெளியிட்ட பட்டியல் விதிகளின் வழியில் வருவது. தேடும் பெயர் முதலில், விரிவு அடைப்புக்குறிக்குள், பிறந்த ஆண்டு அடுத்த அடைப்புக்குறிக்குள். அவருடைய சொந்தப் பெயரையே ‘ரங்கநாதன் (சீர்காழி ராமாமிர்த) (1892)’ என்றுதான் எழுத வேண்டும்.

இதற்குப் புதிய மென்பொருள் வாங்கத் தேவையில்லை. நீங்கள் பயன்படுத்தும் மார்க் 21 என்ற நூற்பட்டியல் படிவத்திலேயே இடம் இருக்கிறது. 100ஆம் டேக்கில் (எண்ணிட்ட புலத்தில்) ‘ஏ’யில் பெயரும் இனிஷியலும், ‘கியூ’வில் விரிவு, ‘டி’யில் பிறப்பு இறப்பு ஆண்டு, ‘சி’யில் தேவையானால் தொழில் அல்லது பட்டம். அத்தாரிட்டி ரெக்கார்டில் (ஒரு ஆளின் பெயர் வடிவங்களை வைக்கும் தனிப் பதிவில்) 400ஆம் டேக்கில் மற்ற எழுத்துக்கூட்டல்கள். ‘ராமஸ்வாமி’ என்று தேடினாலும் ‘இராமசாமி’ என்று தேடினாலும் சரியான ஆளிடம் கொண்டுபோய் விடும். புனைபெயர் இருந்தால் 500ஆம் டேக்கில் இணைப்பு. எளிமையாகத் தேட வேண்டும் என்ற உங்கள் விருப்பம் நியாயமானதே. அது தேடும் பெட்டியில் செய்ய வேண்டிய வேலை. வெறும் ‘ராதாகிருஷ்ணன்’ என்று தட்டினால் ஏழு வரி வரட்டும், வாசகர் தனக்கு வேண்டியதைத் தொட்டுக்கொள்ளட்டும். தலைப்பையே வெட்டுவது வேறு காரியம்.

சேர்ப்பதற்கும் பிரிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். இரண்டு பதிவுகள் ஒரே ஆளா என்று சந்தேகம் வந்தால் தனித்தனியாகவே விட்டுவைக்கலாம், பிறகு ஆதாரம் கிடைத்தால் ஒரு நொடியில் சேர்த்துவிடலாம். சேர்த்துவிட்டால் பழைய தலைப்பு அழிந்துவிடும், எந்தப் புத்தகம் எந்த ஆளுடையது என்ற விவரமும் கூடவே போய்விடும். அதற்குப் பிறகு பிரிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு புத்தகத்தையும் அலமாரியிலிருந்து இறக்கி முகப்பைப் புரட்ட வேண்டும். அல்லது கார்டைப் பார்க்க வேண்டும். அந்தக் கார்டைத்தான் எடைக்குப் போடப்போகிறீர்கள்.

எங்கள் கோரிக்கைகளை நேரடியாகவே வைக்கிறோம்.

கார்டு டிராயர்களை எடைக்குப் போடும் உத்தரவை உடனே நிறுத்துங்கள். பென்சில் குறிப்பு தெரியும்படி இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்த பிறகும், சரிபார்ப்பு முடியும்வரை கார்டு அந்தந்த வாயனசாலையிலேயே இருக்க வேண்டும். தானாகச் சேர்க்கும் வசதியை அணைத்து வையுங்கள். இணைப்புக்கு முந்தைய பிரதி சேவை நிறுவனத்திடம் இருந்தால் அதை மீட்டெடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுத்தில் சொல்லுங்கள், கார்டை வைத்து மறுபடி ஏற்றும் வேலையைப் பகிர்ந்துகொள்ள நாங்கள் தயார்.

இனிஷியலையும் ஊர்ப்பெயரையும் வீட்டுப்பேரையும் தலைப்பில் திருப்பிச் சேருங்கள். ‘தந்தை பெயர்’ கட்டத்தை எடுத்துவிட்டு ‘விரிவு’ என்று போடுங்கள், தாயோ தந்தையோ ஊரோ வீடோ புத்தகத்தில் உள்ளபடி எழுதட்டும். பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரிந்தால் போடுங்கள். தெரியாவிட்டால் வெற்றிடம் விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். இனி இரண்டு பதிவைச் சேர்ப்பதென்றால் பெயர் தவிர இரண்டு சான்று வேண்டும் என்று விதி செய்யுங்கள். விரிவு, ஆண்டு, முன்னுரை, மூலமொழிப் பதிப்பு, இவற்றில் ஏதேனும் இரண்டு. சேர்த்தவர் கையெழுத்தும் தேதியும் பதிவாக வேண்டும். ஔகாரத்தையும் ஸ்ரீயையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே தேடலைத் திறந்துவிடுங்கள்.

தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றிலும் பெயர் எழுதும் வழக்கம் தெரிந்த ஆட்களைச் சரிபார்ப்பில் உட்காரவையுங்கள். மூன்றும் தெரிந்த ஒருவர் கிடைக்காவிட்டால் மூன்று பேர் போதும்.

நாள்காட்டியின் நவம்பர் மாதத் தாளைத் திரும்பப் பெற்று, ஆசாத்தின் படத்தோடு மறுபடி அச்சிட்டு, முதலில் அனுப்பிய எல்லாப் பள்ளிக்கும் அனுப்புங்கள். பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகள் ராதாகிருஷ்ணன் பக்கத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் நாளாகும் என்றாலும், அந்த ஒரு பக்கத்தை இந்த வாரமே இறக்கிவிடுங்கள்.

கார்டுகளை ஏற்றிப்போக வண்டி வரும் தேதியைச் சுற்றறிக்கையில் குறிக்கவில்லை. அது என்றைக்கு என்றும், நிறுத்திவைத்தாயிற்றா என்றும் எழுத்தில் ஒரு வரி அனுப்புங்கள். அதுவரை டிராயர் சாவிகள் எங்களிடமே இருக்கும்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகா எல்லையோர வாயனசாலைகளில் தமிழ்ப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் சிலர்